டோரியன் கிரே நாவல் அழகையும் இளமையையும் பற்றிய கதை மட்டும்தானா? மறுபடி படிக்க அதில் என்ன இருக்கிறது?

கல்லூரியில் படித்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். அழகான ஓர் இளைஞன், தன்னை வரைந்த ஓவியத்தைப் பார்த்து, எனக்குப் பதில் இந்தப் படத்துக்கு வயதாகட்டும், அதற்கு என் ஆன்மாவையே கொடுக்கிறேன் என்கிறான். அது பலித்துவிடுகிறது. அவன் செய்கிற பாவமெல்லாம் படத்தின் முகத்தில் ஏறுகிறது. அவன் முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆஸ்கர் வைல்டின் 'தி பிக்சர் ஆஃப் டோரியன் கிரே' அவ்வளவுதான் என்று மூடி வைத்துவிட்டேன். நாற்பதைத் தாண்டி மறுபடி எடுத்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியவை வேறு இடங்கள்.

சிபில் வேன் ஒரு மட்டமான கொட்டகையில் ஷேக்ஸ்பியரின் நாயகிகளாக நடிக்கும் சிறு பெண். டோரியன் மேல் நிஜமாகவே காதல் வந்ததும் மேடைக் காதல் அவளுக்குப் பொய்யாகத் தெரிகிறது. அன்றைக்கு ஜூலியட்டாகப் படுமோசமாக நடிக்கிறாள். அவன் கூட்டிவந்த நண்பர்கள் பாதியிலேயே எழுந்து போகிறார்கள். அவன் காதலித்தது அவள் நடிப்பை, அதை நான் கண்டுபிடித்தேன் என்ற பெருமையை. அவளை உதறிவிட்டு இரவெல்லாம் தெருத்தெருவாக அலைந்து, விடியும்போது கவென்ட் கார்டன் சந்தைப் பக்கம் வருகிறான். ஒரு வண்டிக்காரர் செர்ரிப் பழம் தருகிறார். காசு வேண்டாம் என்கிறார். ஏன் வேண்டாம் என்கிறார் என்று இவனுக்குப் புரிவதில்லை. முதல் தடவை படித்தபோது இந்த வரியை நான் கவனிக்கவே இல்லை. ஒன்றும் எதிர்பாராமல் கொடுப்பது என்றால் என்னவென்றே தெரியாதவன் என்பதை வைல்ட் இரண்டு பழத்தில் சொல்லிவிடுகிறார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்தின் உதட்டோரம் ஒரு கொடூரம். கண்ணாடியில் தன் உதட்டைப் பார்க்கிறான், ஒன்றும் இல்லை. பகலில் மனம் இளகி அவளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுகிறான், பக்கம் பக்கமாக. எழுதி முடித்ததுமே மன்னிக்கப்பட்டுவிட்டதாக உணர்கிறான். கடிதம் மேசையை விட்டு நகரக்கூட இல்லை. அவளோ முந்தின இரவே விஷம் குடித்து இறந்துபோயிருக்கிறாள்.

பல வருடம் கழித்து, கடைசி அத்தியாயத்தில் இதே மனசு திரும்ப வருகிறது. அதற்குள் தன்னை வரைந்த நண்பன் பேசிலையே கொன்றிருக்கிறான். திருந்த வேண்டும் என்று ஹெட்டி என்ற கிராமத்துப் பெண்ணைக் கெடுக்காமல் விட்டுவிட்டு வருகிறான். ஒரு நல்ல காரியம் செய்தோமே, படம் கொஞ்சமாவது தெளிந்திருக்குமா என்று விளக்கை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறுகிறான். பூட்டிய அறையில் ஊதா நிறத் திரையை இழுத்தால், கண்ணில் புதிதாக ஒரு சூது, வாயோரம் வேஷக்காரனின் சுழிப்பு. அந்த நல்ல காரியமும் தன்னை அழகு பார்த்துக்கொள்ளத்தான் என்று படம் காட்டிக்கொடுத்துவிட்டது. இந்த நாவலில் எனக்கு மிகவும் பயம் தருவது கொலை இல்லை, இந்த இடம்தான்.

இது பிறந்த கதையும் சுவையானது. 1889 ஆகஸ்டில் லண்டன் லாங்கம் ஹோட்டலில் ஸ்டாடார்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர், தன் லிப்பின்காட் மாத இதழுக்குக் கதை கேட்டு ஒரு விருந்து கொடுத்தார். வந்தவர்களில் வைல்டும் ஆர்தர் கானன் டாயிலும் உண்டு. டாயிலிடமிருந்து ஷெர்லாக் ஹோம்ஸின் இரண்டாவது நாவல் வந்தது, வைல்டிடமிருந்து இது. 1890 ஜூலை இதழில் இந்த நாவல் வெளியானதும் ஒழுக்கக்கேடு என்று லண்டன் பத்திரிகைகள் பாய்ந்தன. தன்மேல் அளவுக்கு மீறிய கர்வத்தை டோரியனுக்குள் வளர்த்த ஓவியனே அவன் கையால் சாகிறான், இதைவிட என்ன நீதி வேண்டும் என்ற பொருளில் வைல்ட் பதில் எழுதினார். 1891-இல் 13 அத்தியாயங்களை 20 ஆக்கிப் புத்தகமாக்கினார். முதலில் படிப்பவர்கள் இந்த 20 அத்தியாயப் பதிப்பையே எடுங்கள். 1895-இல், ஆண்களோடு உறவு கொள்கிறார் என்ற பழியை எதிர்த்து வைல்டே தொடுத்த அவதூறு வழக்கில் இந்த நாவலையே எடுத்துக்காட்டி அவரைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். கடைசியில் அந்தக் குற்றத்துக்காக அவருக்கே 2 வருடக் கடுங்காவல்.

சரி, எனக்கு ஏன் ஹெட்டி இடம் உறைக்கிறது என்றும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் வேலை செய்த அக்காவின் மகளுக்கு ஒரு வருடம் கல்லூரிக் கட்டணம் கட்டினேன். ஒரு புதுமனைப் புகுவிழாவில் அதைப் பத்துப் பேர் நடுவே விவரித்துக்கொண்டிருந்தபோது, காபி டம்ளர் தட்டோடு அந்தப் பெண் வாசற்படியில் நின்றிருந்தாள். தட்டை அருகில் இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த வருடக் கட்டணத்துக்கு அவர்கள் என்னிடம் வரவில்லை.

நாவலை இரண்டாம் முறை முடித்த அன்று அவளுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் பத்தியிலேயே மனசு லேசாவது தெரிந்தது. பேனாவை அங்கேயே வைத்துவிட்டேன்.