அதிபருக்கு ‘மெச்சத்தக்க’ என்று எழுதலாமா?

வணக்கம் தம்பி. ஓய்வுபெறும் பாடசாலை அதிபரின் சேவை நலன் பாராட்டு விழா மடலில் ‘மெச்சத்தக்க சேவை’ என்று போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் நான் போட மாட்டேன். மெச்சுவது பெரும்பாலும் மூத்தவர் இளையவரைச் செய்வது. வாத்தியார் பொடியனை மெச்சுவார். பொடியன் வாத்தியாரை மெச்சினால் யாழ்ப்பாணத்தில் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள்.

‘பாராட்டத்தக்க’ யாருக்கும் பொருந்தும். ‘தக்க’ என்பது ‘தகு’ என்ற வினையிலிருந்து வந்தது. பாராட்டப்படும் தகுதி உடைய என்று பொருள். ஆளைச் சொன்னால் பாராட்டத்தக்கவர், செயலைச் சொன்னால் பாராட்டத்தக்கது. நடுவில் வரும் ‘த்’தை விட்டுவிடாதீர்கள். ‘பாராட்டதக்க’ என்று அச்சடித்த மடலைக் கண்ணாடி போட்டு மேடையில் மாட்டியதை நானே பார்த்திருக்கிறேன், பாவம். ‘பாராட்டுக்குரிய’ என்றாலும் சரி, கிட்டத்தட்ட அதே பொருள்தான்.

ஆனால் விழாவின் பெயரிலேயே ‘பாராட்டு’ இருக்கிறதே. அதனால் உங்கள் வரியை ‘போற்றுதற்குரிய சேவை’ என்று மாற்றுங்கள். மரியாதையும் ஒரு படி கூடும். ‘மெச்சத்தக்க’வை மாணவர் பரிசளிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.