நடைவழியில் நடக்கும் சிகிச்சை: இங்கிலாந்துச் செவிலியர்களின் நிலை

இங்கிலாந்தின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிகளை நடைவழியில் வைத்தே கவனிப்பது ஏன், செவிலியர்களுக்கு அது எப்படிப்பட்ட அனுபவம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாசலில் வந்து குவியும் கூட்டத்தையே பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் பெரிய அடைப்பு மறுமுனையில் இருக்கிறது. குணமடைந்த முதியவர்கள் பலர், வெளியே பராமரிப்பு ஏற்பாடு ஆகாததால் வார்டுப் படுக்கையிலேயே தங்க நேர்கிறது. அதனால் உள்நோயாளியாகச் சேர்க்க முடிவானவர்களும் அவசரப் பிரிவின் ஸ்ட்ரெச்சரில் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். நான்கு மணி நேரத்துக்குள் 95 விழுக்காட்டினரைச் சேர்க்கவோ, மாற்றவோ, வீட்டுக்கு அனுப்பவோ வேண்டும் என்ற இலக்கு 2015-க்குப் பிறகு எட்டப்படவே இல்லை.

2025 ஜனவரியில் பிரிட்டனின் செவிலியர் சங்கமான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் வெளியிட்ட அறிக்கை, 5,000-க்கும் மேற்பட்ட செவிலியப் பணியாளர்களின் அனுபவங்களை அடிப்படையாகக் கொண்டது. நடைவழிச் சுவரில் ஆக்சிஜன் இணைப்போ அழைப்பு மணியோ இராது. ஆகவே சிலிண்டர் தீரப்போகிறதா என்பதைச் செவிலியர்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சுவலிக்காரருக்கு இசிஜி எடுப்பதும், படுக்கை நனைந்த மூதாட்டிக்கு உடை மாற்றுவதும் வழிப்போக்கர் கண்ணெதிரே நடக்கின்றன. நடைவழியில் இறந்தவரை உடனே யாரும் கவனிக்காமல் போனதையும் சிலர் பதிவுசெய்திருக்கிறார்கள்.

வேலைப்பளுவைவிட, சரியான பராமரிப்பு எதுவென்று தெரிந்திருந்தும் அதைத் தர முடியாத குற்றவுணர்வே அவர்களை அதிகம் வதைக்கிறது என்பது என் கருத்து. இதற்கிடையே, இத்தகைய இடங்களில் பாதுகாப்பாகப் பணியாற்றுவதற்கான வழிகாட்டுதலை, பொது மருத்துவச் சேவையின் நிர்வாக அமைப்பான என்எச்எஸ் இங்கிலாந்து 2024 செப்டம்பரில் வெளியிட்டது; அவசரத்துக்குச் செய்ததை அது வழக்கமாக்கிவிடும் என்ற எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை.