மேட்ச்சுக்கு முதல் நாள் பட்டியல்

அன்புள்ள டாக்டருக்கு,

எனக்கு வயது 31. தொழில்முறை கால்பந்து வீரன், சென்டர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிறவன். இப்போது இருப்பது நான்காவது கிளப். பெயர் சொல்லவில்லை, மன்னிக்கவும். சொன்னால் நான் யார் என்று தெரிந்துவிடும்.

இந்த சீசனில் 19 மேட்ச்சில் 6 மேட்ச்தான் ஆடியிருக்கிறேன். அதிலும் இரண்டு, கடைசி பத்து நிமிடம். ஒரு மேட்ச்சில் ஐந்து பேரை மாற்றலாம் என்று விதியே வந்துவிட்டது. அந்த ஐந்தில் ஒருவனாகக்கூட நான் கோச் கண்ணில் படுவதில்லை. என் இடத்தில் ஆடுகிற பையனுக்கு 21 வயது. வேகம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பந்து எங்கே வரும் என்று தெரிந்து முன்கூட்டியே போய் நிற்கத் தெரியாது. தப்பான இடத்தில் நின்றுவிட்டு ஓடிச் சமாளிக்கிறான். அவன் தப்பு செய்தால் ‘கற்றுக்கொள்கிறான்’ என்கிறார் கோச். நான் செய்தால் ‘இந்த வயதிலுமா?’ என்கிறார்.

இது புதிதல்ல. முதல் கிளப்பில் வேறு கிளப்புகளுக்கு லோனில் அனுப்பி அனுப்பியே மூன்று வருடத்தை வீணாக்கினார்கள். இரண்டாவதில் புது கோச் வந்தார், தன் பழைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்றாவதில் நடந்ததுதான் கொடுமை. சீசனின் கடைசி மேட்ச். கீப்பருக்கு நான் கொடுத்த பேக் பாஸ் பலமில்லாமல் போய்விட்டது. எதிரணி ஸ்ட்ரைக்கர் நடுவில் புகுந்து கோல் அடித்தார். கீழ் டிவிஷனுக்கு இறங்கினோம். அந்த சீசனில் எத்தனை மேட்ச் தோற்றோம்! அதெல்லாம் யாருக்கும் நினைவில்லை, என் பாஸ் மட்டும் நினைவிருக்கிறது. அடுத்த மாதமே ‘வேறு இடம் பார்த்துக்கொள்’ என்றார்கள். இரண்டு வருடம் ஆகிறது.

நான் சும்மா இருக்கவில்லை, டாக்டர். பயிற்சிக்கு முதல் ஆளாகப் போகிறேன். ஜெர்சிக்குள் போடுகிற ஜிபிஎஸ் பனியன் கணக்குப்படி டீமில் அதிக தூரம் ஓடும் மூன்று பேரில் நான் ஒருவன். தூக்கத்தை வாட்ச்சில் அளக்கிறேன். இடது காலால் நீளமான பாஸ் கொடுக்கப் பழகிவிட்டேன். ஒவ்வொரு மேட்ச் வீடியோவையும் பார்த்து என் தவறுகளை நோட்டில் எழுதுகிறேன். இந்த இரண்டு வருடத்தில் ஒன்பதாவது நோட்டு ஓடுகிறது. இதையெல்லாம் அந்தப் பையன் செய்கிறானா?

போன மாதம் பின்தொடையில் தசை இழுத்துக்கொண்டு மூன்று வாரம் ஓய்வு. நியாயமாக நான் இடிந்து போயிருக்க வேண்டும். நன்றாகத் தூங்கினேன். மேட்ச்சுக்கு முதல் நாள் பட்டியல் ஒட்டும்போதுகூட, என் பெயர் இல்லை என்றால் முதலில் ஒரு நொடி மூச்சு இலேசாகிறது. அப்புறம்தான் கோபம் வருகிறது. அதை விடுங்கள், சொல்ல வந்தது அதில்லை. அந்தப் பையனின் ஏஜென்ட்டும் கோச்சும் பழைய நண்பர்கள். அதுதான் விஷயம்.

ஸ்ட்ரைக்கர் ஜேமி வார்டி 25 வயதில்தான் இங்கிலாந்தின் லெஸ்டர் கிளப்புக்கு வந்தார். அதற்கு முன்பு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 29 வயதில் பிரீமியர் லீக் பட்டம் வாங்கினார். டிஃபன்ஸ் ஆடிய பாவ்லோ மால்தினி இத்தாலியின் மிலன் கிளப்பில் மட்டுமே 25 சீசன், நாற்பது வயது வரை ஆடினார். டிஃபன்ஸ் ஆடுகிறவனுக்கு 31 ஒரு வயதா?

ஒப்பந்தம் முடிய ஆறு மாதம்தான் இருக்கிறது. விதிப்படி இப்போதே வேறு கிளப்போடு பேசலாம். ஐந்தாவது கிளப்புக்குப் போகட்டுமா, இங்கேயே இருந்து கோச்சோடு மோதிப் பார்க்கட்டுமா? மனைவியைக் கேட்டால் ‘உங்கள் இஷ்டம்’ என்கிறாள். இன்னும் எதில் என்னை மேம்படுத்திக்கொள்ள வேண்டும், சொல்லுங்கள்.

– பெஞ்ச்சில் இருப்பவன்

அன்புள்ள தம்பி,

‘அதை விடுங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் விடுவதாக இல்லை.

பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிந்ததும் முதலில் மூச்சு இலேசாகிறது, கோபம் அதற்குப் பின்னால் வருகிறது. இந்த வரிசையை நீங்களேதான் கவனித்திருக்கிறீர்கள். நிம்மதியை உடம்பு உங்களைக் கேட்காமலே சொல்லிவிடுகிறது. அதைக் கண்டு உங்களுக்கு வெட்கம். அந்த வெட்கத்தை மூட அவசரமாக ஒரு கோபம் வேண்டியிருக்கிறது. கோச் அதற்கு வாகாக அமைந்துவிட்டார். அவர் உத்தமர் என்று நான் சொல்லவில்லை. ஏஜென்ட் நட்பு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உங்களுக்கு உள்ளூர வேண்டாத ஒன்றைத் தரவில்லை என்று ஒருவரோடு மோதினால், ஜெயித்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

வார்டியையும் மால்தினியையும் சொன்னீர்கள். நான் பெர் மெர்டெசாக்கரைச் சொல்கிறேன். உங்களைப் போலவே சென்டர் பேக். ஜெர்மனிக்காக 104 மேட்ச், 2014-இல் உலகக் கோப்பை. ஓய்வு பெறும் வருடம், 2018-இல், டெர் ஷ்பீகல் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். ஒவ்வொரு மேட்ச் தொடங்குவதற்கு முன்பும் குமட்டிக்கொண்டு வருமாம், கண்ணில் நீர் வந்துவிடுமாம். யாரும் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். 2006 உலகக் கோப்பை அரையிறுதியில், சொந்த மண்ணில், இத்தாலியிடம் தோற்றபோது வருத்தத்தைவிட ‘முடிந்தது’ என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது என்றார். அந்த நிம்மதி வந்த பிறகும் பன்னிரண்டு வருடம் ஆடியிருக்கிறார். ஆகவே உங்களுக்கு வருவது விசித்திரமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. அவர் அதைக் கடைசியில் வெளியே சொன்னார். நீங்கள் எனக்குக்கூட, போகிற போக்கில்தான் சொன்னீர்கள்.

இனி கொஞ்சம் கசப்பு.

உங்கள் ஒன்பது நோட்டையும் முன்னேற்றம் என்கிறீர்கள். எனக்கு அவை குற்றப்பத்திரிகை மாதிரி தெரிகின்றன. எல்லாமே அந்த பேக் பாஸுக்குப் பிறகு தொடங்கியவை. மற்ற தோல்விகள் யாருக்கும் நினைவில்லை என்று குறைப்படுகிறீர்கள், உங்களுக்கு மட்டும் இருக்கிறதா? இவ்வளவு நீளமான கடிதத்தில் நீங்கள் நன்றாக ஆடிய ஒரு மேட்ச் பற்றி ஒரு வரி இல்லை. நான்கு கிளப் உங்களை ஒப்பந்தம் செய்திருக்கிறது. ஏதோ ஒன்றைப் பார்த்துத்தானே செய்திருப்பார்கள்?

நான் கோச் இல்லை, உங்கள் ஆட்டத்தைப் பார்த்ததும் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். கீப்பர் கையில் பந்து இருக்கும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? அதை வாங்கிக்கொள்ள வசதியான இடத்திலா, பந்து வராதபடி எதிரணி ஸ்ட்ரைக்கரின் முதுகுக்குப் பின்னாலா? ஜிபிஎஸ் பனியன் இதைக் காட்டிக் கொடுக்காது. பந்து வராத இடத்துக்கு ஓடினாலும் அதன் கணக்கில் கிலோமீட்டர் கிலோமீட்டர்தான். அந்தப் பையன் தப்பான இடத்தில் நின்று ஓடிச் சமாளிக்கிறான் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அவனுக்குப் பந்து வேண்டும். கோச் கண்ணுக்கு இது தெரியாமலா இருக்கும்? என் ஊகம் தவறாக இருந்தால் சந்தோஷம். வீடியோவைப் பார்த்துச் சொல்லுங்கள், நோட்டு வேண்டாம்.

நிம்மதி வருகிறது என்பதாலேயே ஆட்டத்தின் மீது ஆசை போய்விட்டது என்று அர்த்தமில்லை. பயமா, ஆசை போய்விட்டதா, இரண்டில் எது என்று எனக்கு இந்தக் கடிதத்திலிருந்து தெரியவில்லை. கூட்டம் இல்லாத பயிற்சி ஆட்டத்தில் பந்து காலில் பட்டதும் இன்னும் சந்தோஷம் வருகிறதா? வந்தால் இது பயம். பயத்துக்கு வைத்தியம் உண்டு. அதுவும் சப்பென்று இருந்தால் இது வேறு விஷயம். 31 வயதில் ஒரு தொழில் போதும் என்று தோன்றுவது குற்றமில்லை, அதை வேறு மாதிரி உட்கார்ந்து பேச வேண்டும். எதுவானாலும் விளையாட்டு உளவியலாளர் ஒருவரை நேரில் பாருங்கள். விஷயம் கோச் காதுக்குப் போகுமோ என்று தயக்கமாக இருந்தால் கிளப்புக்கு வெளியே உள்ளவராகப் பாருங்கள்.

ஐந்தாவது கிளப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம். பேசலாம் என்று விதி சொன்னால் இந்த வாரமே பேசு என்று அர்த்தமா? சில வாரம் பொறுத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. எங்கே போனாலும் மேட்ச்சுக்கு முதல் நாள் அங்கேயும் ஒரு பட்டியல் ஒட்டுவார்கள்.

அப்புறம், உங்கள் மனைவி. கிளப் மாறட்டுமா என்று கேட்டீர்கள், ‘உங்கள் இஷ்டம்’ என்றார். கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். மூன்று வாரம் நீங்கள் நன்றாகத் தூங்கியதை அவர் பக்கத்திலிருந்து பார்த்திருப்பார். மூச்சு இலேசாவதை அவரிடம் சொல்லுங்கள்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். கோச்சைப் பற்றி இந்த முறை ஒரு வரி போதும்.