தானே புயலும் ஒரு விண்மீன் குமிழியும்

கேள்வி: விண்வெளியில் காற்றே கிடையாது என்று போன இதழில் எழுதினீர்கள். அடுத்த பத்தியிலேயே ‘நட்சத்திரக் காற்று குமிழி ஊதுகிறது’ என்கிறீர்கள். எதை சார் நம்புவது?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நன்றாக மாட்டிவிட்டீர்கள்! நாம் மூச்சுவிடும் காற்று அங்கே இல்லைதான். மெலிந்த வாயு உண்டு, பெரும்பாலும் ஹைட்ரஜன். பெரிய விண்மீன்கள் தங்கள் மேலடுக்கு வாயுவையே வெளியே விசிறியடிக்கின்றன. அதைத்தான் காற்று என்கிறோம். தள்ளிவிடுவது ஒளி. அணுக்கள் புறஊதா ஒளியை விழுங்கும்போதெல்லாம் ஓர் உதை வாங்கிக்கொண்டு பறக்கின்றன.

வேகமா? கடலூர்க்காரர் 2011 டிசம்பர் 30ஐ மறந்திருக்க மாட்டீர்கள். பலாவையும் முந்திரியையும் சாய்த்த தானே புயல் மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர். குமிழி நெபுலா (நெபுலா என்றால் விண்வெளி வாயுமேகம்; வானியல் பட்டியலில் இதன் எண் என்ஜிசி 7635) என்பதை ஊதும் விண்மீனுக்குச் சூரியனைப்போல் ஏறக்குறைய 45 மடங்கு நிறை. அதன் காற்று மணிக்கு 60 லட்சம் கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் குமிழியின் ஓரத்தில் நின்றால் உங்கள் முந்தானைகூட ஆடாது. அவ்வளவு மெலிசு.

என் பேரன் கடற்கரைச் சாலையில், காந்தி சிலை பக்கத்தில், ஊதித் தள்ளும் சோப்புக் குமிழியை இதோடு சேர்க்காதீர்கள். அதன் தோல் சோப்புத் தண்ணீர். இதன் தோல், வாசல் பெருக்கும்போது விளக்குமாற்றுக்கு முன்னால் சேருமே, அந்தக் குப்பை மாதிரி. வழியில் கிடந்த வாயுவையெல்லாம் காற்று தள்ளிக்கொண்டே போக, அது ஓடுபோல் குவிகிறது; விண்மீனின் புறஊதா பட்டு ஒளிர்கிறது. குறுக்களவு சுமார் 7 ஒளியாண்டு. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 2016இல் எடுத்த படத்தைப் பாருங்கள், விண்மீன் நடுவில் இராது. ஒரு பக்கம் வாயு அடர்த்தி. அந்தப் பக்கம் ஓடு நகரச் சண்டித்தனம் செய்கிறது.

கேள்வி: நம் ஊரிலிருந்து தெரியுமா? (அதே வாசகி)

பதில்: 1787இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தது, தொலைநோக்கியில். நானும் முத்தியால்பேட்டை மொட்டைமாடியில் ஆறு அங்குலத் தொலைநோக்கியோடு மூன்று டிசம்பர் முயன்றேன், தெருவிளக்குதான் தெரிந்தது. குமிழியை விடுங்கள், இப்படிக் காற்று வீசும் விண்மீனை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். பிப்ரவரியில் இரவு ஒன்பது மணிவாக்கில் சில்வர் பீச்சில் தெற்கே பாருங்கள். பளிச்சென்று அகத்தியர் விண்மீன். அதற்கு இடப்பக்கம், கொஞ்சம் மேலே, அவ்வளவு பளிச்சில்லாத ஒன்று: நாவோஸ். அதன் காற்று நொடிக்கு 2,000 கிலோமீட்டருக்கும் மேல். போகும்போது கொசுவத்தியை மறக்காதீர்கள்.