அயர்லாந்து: டி.டி.க்கு எழுதினால் மகனின் மதிப்பீடு சீக்கிரம் நடக்குமா?

மகனின் மாற்றுத்திறன் தேவை மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்து மாதக்கணக்காகிறது, டி.டி.க்கு (அயர்லாந்து நாடாளுமன்றக் கீழவை உறுப்பினருக்கு) எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுங்கள். ஆனால் வரிசையில் உங்கள் மகனை முன்னே தள்ளும் அதிகாரம் எந்த டி.டி.க்கும் கிடையாது. அவரால் முடிவது அமைச்சரிடம் எழுத்துமூலம் கேள்வி கேட்பது. பதில் பெரும்பாலும் அரசு சுகாதாரச் சேவை அமைப்பான எச்.எஸ்.இ.யிடமிருந்து வரும். பெயர் வெளியே தெரிந்துவிடுமோ என்று அஞ்சுகிறீர்கள். அவைக் குறிப்பில் ‘ஒரு நபர் (விவரங்கள் தரப்பட்டுள்ளன)’ என்றுதான் அச்சாகும். மகனின் விவரங்களை டி.டி. பயன்படுத்தலாம் என்று கையொப்பமிட்ட ஒப்புதலையும் இணைத்து அனுப்புங்கள்.

2005ஆம் ஆண்டு மாற்றுத்திறன் சட்டப்படி, முழுமையான விண்ணப்பம் கிடைத்த 3 மாதங்களுக்குள் மதிப்பீடு தொடங்க வேண்டும். அடுத்த 3 மாதங்களில் முடிய வேண்டும். அந்தக் கெடு நாடெங்கும் காற்றில் பறப்பது வேறு கதை! மாதக்கணக்கில் ஒரு கடிதம்கூட வரவில்லை என்கிறீர்களே, விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று ஓரமாக வைத்திருக்கலாம். அப்படியானால் கெடு ஓடவே தொடங்கியிருக்காது.

1. ஒப்புகைக் கடிதத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். கடிதமே இல்லையென்றால் மதிப்பீட்டு அலுவலரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசிப் பேச்சு பின்னால் எதற்கும் உதவாது.

2. கெடு தாண்டியிருந்தால் எச்.எஸ்.இ.யின் புகார் அலுவலருக்கு எழுதுங்கள். டி.டி.க்கும் அதன் நகலை அனுப்புங்கள்.

வீட்டுப் பராமரிப்பு உதவித்தொகைக்கு (Domiciliary Care Allowance) இந்த மதிப்பீடு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அது வேறு துறை. குடும்ப வருமானத்தையும் பார்ப்பதில்லை. 16 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதே வயதுப் பிள்ளைகளைவிட மிக அதிகமான பராமரிப்பு தேவை என்பதையும் காட்ட வேண்டும்.

பள்ளியில் சிறப்பு வகுப்பு இடம் மட்டும் அப்படியில்லை. அதற்கு நிபுணரின் அறிக்கை வேண்டும், டி.டி.யின் கடிதம் அதற்கு ஈடாகாது.