ஊசி வேறு, கஷாயம் வேறு

கேள்வி: என் தாயாருக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போது கீமோதெரபி நடக்கிறது. ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு நாட்கள் குமட்டலால் எதையும் வாயில் வைக்க முடிவதில்லை. எதிர்வீட்டுச் சீன மூதாட்டி, தமக்குத் தெரிந்த சின்சேயிடம் (சீன வைத்தியரிடம்) அக்குபங்சர் செய்துகொண்டு கஷாயமும் குடித்தால் உடம்பு தேறிவிடும் என்று சொல்லி, ஒரு பொட்டலம் வேர்களையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மருத்துவர் கோபித்துக்கொள்வார், அவரிடம் சொல்லாதே என்கிறார் அம்மா. நாங்கள் என்ன செய்வது, ஐயா?
— ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: மூதாட்டி ஒரே மூச்சில் சொன்ன இரண்டையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அக்குபங்சர் ஊசி உடம்புக்குள் எந்த மருந்தையும் செலுத்துவதில்லை, கஷாயம் செலுத்துகிறது. சீன மருத்துவம் என்ற ஒரே பெயருக்குள் இருந்தாலும், கீமோதெரபி நடக்கும் மாதங்களில் இவ்விரண்டின் ஆபத்தும் ஒன்றல்ல.

அதற்கும் முன்னால் ஒன்று. குமட்டல் மூன்று நாட்களுக்கு மேல் நீடிக்கிறது என்பதைப் புற்றுநோய் மருத்துவரிடம் சொன்னீர்களா? கீமோதெரபி கொடுத்த மறுநாளுக்குப் பின்னும் தொடரும் குமட்டலுக்கென்றே இப்போது நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. பலர் "இதெல்லாம் சகஜம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவதால், மாற்ற வேண்டிய மருந்து மாற்றப்படாமலே போகிறது.

மாத்திரைகளுக்குத் துணையாக ஊசியை நாடுவதில் தவறில்லை. மணிக்கட்டின் உட்புற மடிப்புக்கு மேலே நோயாளியின் மூன்று விரல் அகலத்தில், இரு தசைநாண்களுக்கு நடுவே உள்ள இடத்தைச் சீனர்கள் நெய்குவான் என்பார்கள். அங்கே ஊசி குத்துவது கீமோதெரபியால் வரும் குமட்டலையும் வாந்தியையும் குறைக்கிறது என்று அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு 1997ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. அந்த ஆய்வுகளில் பல இன்றைய மாத்திரைகள் வருவதற்கு முந்தியவை என்பதால் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஊசிக்கு அஞ்சுகிறவர்கள் அதே இடத்தைக் கட்டைவிரலால் சில நிமிடங்கள் அழுத்திப் பார்க்கலாம். அதற்குச் செலவும் இல்லை.

ஆனால் கீமோதெரபி கொடுத்த ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்களும் தட்டணுக்களும் மிகவும் குறைந்திருக்கக்கூடும். அந்த நாட்களில் ஒரு சிறு துளையும் கிருமிக்கு வாசலாகலாம், இரத்தக் கசிவும் நிற்காமல் போகலாம். ஆகவே இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் சரி என்று சொன்ன நாளில் மட்டும் செல்லுங்கள். அக்குளில் நிணநீர்க் கணுக்களை அகற்றிய பக்கத்துக் கையில் குத்தவே கூடாது என்பதைச் சின்சேயிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசிகள் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியப்படுபவையாக இருக்க வேண்டும்.

சின்சேயைத் தேர்ந்தெடுப்பதில் சிங்கப்பூரில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. 2000ஆம் ஆண்டின் சட்டத்தின்படி சீன மருத்துவர்கள் தங்களுக்கான வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். 1867இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் இனம் பாராமல் ஏழைகளுக்கு இலவச வைத்தியம் செய்த ஊர் அது. சின்சேயிடம் செல்வது தமிழர்களுக்கும் அங்கே புதிதல்ல.

இனி அந்தப் பொட்டலம். அதை இப்போது அடுப்பில் ஏற்றாதீர்கள். ஒரு சீனக் கஷாயத்தில் பத்துப் பன்னிரண்டு சரக்குகள் சேர்வது வழக்கம். கீமோதெரபி மருந்துகள் பலவற்றையும் உடைத்து வெளியேற்றும் அதே கல்லீரல்தான் அந்தச் சரக்குகளையும் உடைக்க வேண்டியிருக்கிறது. ஒரு மூலிகை அந்த வேலையை முடுக்கிவிட்டால் மருந்தின் அளவு குறைந்து சிகிச்சை வீணாகும். தடுத்துவிட்டால் மருந்து தேங்கி நஞ்சாகும். மனச்சோர்வுக்காக மேலை நாடுகளில் உண்ணப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, ஐரினோடிகன் என்னும் புற்றுநோய் மருந்தின் வீரியமுள்ள பகுதியை இரத்தத்தில் 42 விழுக்காடு குறைத்துவிட்டதை 2002இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அது சீன மூலிகை அல்ல. ஆனால் கல்லீரல் மூலிகையின் பிறந்த நாட்டைப் பார்த்து வேலை செய்வதில்லை. பெண்களின் உடல் தேறுவதற்கென்று வழக்கமாகக் கொடுக்கப்படும் டாங் குய் வேர் உங்கள் பொட்டலத்தில் இருந்தால் கவலை கூடுகிறது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கு அது இரத்தக் கசிவை அதிகமாக்கும். ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் போலச் செயல்படுமோ என்ற ஐயம் இருப்பதால் மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு அதைத் தவிர்க்கச் சொல்கிறோம்.

சரக்கு மாறிப்போவது இன்னொரு ஆபத்து. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகக் கொடுக்கப்பட்ட மாத்திரைகளில், ஒலியில் நெருங்கிய சீனப் பெயர் கொண்ட வேறொரு செடி இடம் மாறிக் கலந்துவிட்டது. ஏறத்தாழ நூறு பெண்களின் சிறுநீரகங்கள் பழுதாயின; சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்தச் செடி அரிஸ்டோலோகியா இனத்தைச் சேர்ந்தது. நம் நாட்டு ஆடுதின்னாப்பாளையும் அதே இனம்தான் என்பதால், சீனர்களை மட்டும் குறைசொல்லி நாம் தப்பிக்க முடியாது.

மூதாட்டியின் மனம் நோகாமல், அவர் வைக்கும் சூப்பில் நாலு சிவப்புப் பேரீச்சையும் இஞ்சியும் இருந்தால் உணவாக ஏற்றுக்கொள்ளுங்கள். பொட்டலத்தை மட்டும் படம் எடுத்து, அடுத்த முறை செல்லும்போது மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டுங்கள். நோயாளி ஒளித்துவைக்கும் மருந்தே எங்களுக்கு அச்சம் தருவது. சொல்லப்பட்ட மருந்தைப் பற்றிப் பேசி முடிவெடுக்கலாம். கல்லீரல் பரிசோதனையில் எண்கள் ஏறினால், காரணம் தெரியாத மருத்துவர் கீமோதெரபியைத்தான் நிறுத்துவார்.

கேள்வி: என் மனைவி மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு லெட்ரசோல் மாத்திரை எடுக்கிறார். விரல்களிலும் முழங்காலிலும் வலி தாங்காமல் மாத்திரையையே விட்டுவிடுவேன் என்கிறார். அக்குபங்சர் பலன் தருமா?
— ஒரு வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: லெட்ரசோல் போன்ற மாத்திரைகளால் வரும் இந்த மூட்டு வலிக்கு அக்குபங்சர் பலன் தரும் என்பதற்கு ஓரளவு உறுதியான சான்று உண்டு. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 226 பெண்கள் பங்கேற்றனர். ஆறு வாரங்கள் வாரம் இருமுறை உண்மையான ஊசி பெற்றவர்களுக்கு, பத்துப் புள்ளி அளவுகோலில் கடும் வலி சுமார் இரண்டு புள்ளி குறைந்தது. போலி ஊசி பெற்றவர்களுக்கும் எதுவும் பெறாதவர்களுக்கும் ஒரு புள்ளிதான் குறைந்தது. வித்தியாசம் சிறிதுதான், ஆனால் மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று தயங்கி நிற்கும் பெண்ணுக்கு அந்த ஒரு புள்ளி பெரிது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டியும் இதைப் பரிந்துரைக்கிறது. உங்களுக்கு அருகிலுள்ள கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் 2007 முதல் பாரம்பரிய மருத்துவப் பிரிவு இருக்கிறது. மருத்துவரின் கடிதத்தோடு அங்கே விசாரியுங்கள். அதுவரை மாத்திரையை விட வேண்டாம்.

கேள்வி: இரத்தப் புற்றுநோய் ஒன்றையே சீன மருத்துவம் குணப்படுத்தியிருக்கிறது, எனவே மூன்றாவது கீமோதெரபியோடு நிறுத்திவிட்டு முழுக்க அதற்கே மாறப் போகிறேன் என்கிறான் என் தம்பி. அவனுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். அவன் சொல்வது உண்மையா?
— ஒரு வாசகி, கிள்ளான்

பதில்: முதற்பாதி உண்மை. சித்த மருத்துவத்தில் நாம் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்லும் ஆர்சனிக் டிரையாக்சைடு, சீன நாட்டு வைத்தியர்களிடமும் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரில் ஜாங் டிங்டோங் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும், கிராமத்து மருந்தொன்றில் கலந்திருந்த பல பொருட்களில் வேலை செய்வது பாஷாணமே என்று கண்டறிந்து, அதை ஊசி மருந்தாக்கினார்கள். அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்ற குறிப்பிட்ட ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்கு அது அருமருந்தானது. 2000இல் அமெரிக்காவும் அனுமதி அளித்தது.

உங்கள் தம்பி கவனிக்கத் தவறுவது, அந்த மருந்து எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பதைத்தான். மற்ற சரக்குகளைக் கழித்து, அளவை நிர்ணயித்து, நோயாளிகளிடம் சோதித்த பிறகே அது மருந்தாயிற்று. இன்றும் இதயத் துடிப்பின் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அதைச் செலுத்துகிறோம். பெருங்குடல் புற்றுநோய்க்கு அதைக் கொடுப்பதும் இல்லை. வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் நாடிய 281 நோயாளிகளைப் பற்றி 2018இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வின்படி, அவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்காக இருந்தது. அவர் நிறுத்த நினைப்பதற்கு உண்மையான காரணம் வயிற்றுப்போக்கா, கைகால் மரத்துப்போவதா, செலவா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மூன்றுக்குமே மருத்துவரிடம் பேச வழி இருக்கிறது. மருந்தின் அளவைக் குறைப்பதும் ஒரு வாரம் தள்ளிப்போடுவதும் நாங்கள் அன்றாடம் செய்கிற காரியங்கள்.

கேள்வி: நாடி பிடித்துப் பார்த்தே புற்று திரும்பியதா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்கிறார் ஒரு சீன வைத்தியர். ஸ்கேன் எடுப்பதைத் தவிர்க்கலாமா?
— ஒரு வாசகர், ஜொகூர் பாரு

பதில்: கூடாது. குறித்த தேதியில் ஸ்கேனுக்குச் செல்லுங்கள்.