எஸ்டேட் ஆபீஸில் உள்ள விண்டோஸ் என்டி 4 சர்வருக்கு வெளியிலிருந்து டயல் செய்தால் மோடம் எடுப்பதில்லையே, ஏன்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் எஸ்டேட் ஆபீஸிலும் இதே விண்டோஸ் என்டி 4 இருந்தது. டிவிஷன் கிராணி (எழுத்தர்) ரப்பர் பால் எடைக் கணக்கை அனுப்ப டயல் செய்வார், மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஆர்ஏஎஸ் (தொலைபேசி வழியாக இணைய விடும் விண்டோஸ் சேவை) அமைப்பில், மோடம் மாட்டிய காம் போர்ட் 'வெளியே டயல் செய்ய மட்டும்' என்றிருந்தால், அழைப்பை ஏற்கும்படி மாற்றுங்கள். எங்களுக்குக் கோளாறு அங்கேதான்.

அப்புறம் வேகம். மோடம் நொடிக்கு 28,800 பிட் தானே என்று போர்ட்டையும் அதிலேயே வைக்காதீர்கள். மோடம் தரவைச் சுருக்கும் வி.42பிஸ் முறை நான்கு மடங்கு வரை போகும், ஆகவே போர்ட்டை 115,200-இல் வையுங்கள். அதைத் தாங்க 16 பைட் இடைத்தேக்கம் உள்ள 16550 சில்லு போர்ட்டில் வேண்டும். பழைய 8250-இல் ஓட்டை வாளிப் பால் மாதிரி எழுத்துகள் சிந்தும். ஃப்ளோ கண்ட்ரோல் (தரவு நிரம்பினால் நிறுத்தச் சொல்லும் ஏற்பாடு) ஹார்ட்வேரில் இருக்கட்டும்.

மவுஸ் காம் 1-இல் இருந்தால் மோடத்துக்கு காம் 3 வேண்டாம். இரண்டு போர்ட்டுக்கும் வழக்கமாக ஐஆர்க்யூ (சாதனம் செயலியைக் கூப்பிடும் தடம்) 4 தான், மோதிக்கொள்ளும்.